பதினோராவது போன்

பள்ளிக்கூடத்து டீச்சர் பத்து போன்களைப் பையோடு என் செல்போன் கடை மேஜையில் வைத்து, விளையாட்டு ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்றார். செஸ் மூளைக்கு நல்லதாச்சே என்று இழுத்தேன். கணக்குப் பாட நேரத்தில் பிள்ளைகள் அதைத்தான் ஆடுகிறார்களாம். அதையும் தூக்கச் சொன்னார்.

ஒவ்வொரு போனாகத் தடவிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை ஏது? எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செருகி, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் சொன்ன ஆப் காணாமல் போய்விடும். எந்த போனுக்கு என்று எண் போட்டு ஏவுவதுதான் முறை. செருகியிருக்கும் எல்லாவற்றுக்கும் போ என்று ஒரே கட்டளையாக எழுதி வைத்தது என் சோம்பேறித்தனம்.

'முடிந்தது' என்று பத்து முறை வர வேண்டும். பதினொன்று வந்தது. என் போனும் அதே கம்ப்யூட்டரில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

டீச்சர் சந்தோஷமாகக் கிளம்பினார். நான் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டேன்.

பிரிந்து வாழும் மனைவியோடு எனக்கு மிச்சமிருந்தது அந்த செஸ் மட்டும்தான். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் தினம் போன் வழியாக அவள் ஒரு காய் நகர்த்துவாள், நான் ஒரு காய். இந்த ஆட்டத்தில் நான் தோற்பது உறுதி. தோற்றால் அடுத்த ஆட்டத்துக்கு நான்தான் கூப்பிட வேண்டும். அந்தத் தைரியம் இல்லாமல் ராஜாவை மூலைக்கு மூலை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆப்பில் பெயர் பதியாமல் விருந்தாளியாக நுழைந்தவன் நான், அதனால் ஆப்போடு அந்த ஆட்டமும் போனது போனதுதான். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், தோற்கும் நேரத்தில் சொல்லாமல் எழுந்து போனவன் நான். போனதில்லை என்று சொல்லவும் முடியாது. ஒருமுறை வீட்டிலிருந்தே போயிருக்கிறேன்.

அவளைப் போனில் கூப்பிட்டேன். எடுத்தாள். டீச்சர், கட்டளை, பதினோராவது போன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"போன வாரமே முடிச்சிருப்பேன்," என்றாள். "நான்தான் குதிரையைச் சும்மா சுத்த விட்டுட்டு இருந்தேன்."

"பாவம், அதுக்குக் கால் வலிச்சிருக்கும்."

சிரிக்கவில்லை. அங்கே குழாயில் ஏதோ பாத்திரம் நிரம்பிக்கொண்டிருந்தது. அது நிரம்பி வழியும்வரை அவள் குழாயை மூடவில்லை. இன்னொரு ஆட்டம் போடலாமா என்று நான் கேட்க அத்தனை நேரம் கொடுத்தாள்.

"சரி, வேலையைப் பாருங்க," என்றாள் கடைசியில்.

பார்த்தேன். செஸ்ஸைத் திரும்ப இறக்கினேன். யாரோடு ஆட வேண்டும் என்று கேட்டது. கம்ப்யூட்டரோடு என்று தொட்டேன், அதுவும் இருப்பதிலேயே சுலபமான நிலையில். நான் சிப்பாயை நகர்த்தி விரலை எடுப்பதற்குள் அது தன் காயை வைத்துவிட்டது.