விளக்கு மார்க்

ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த இருவரும் அதை ஹாலின் நடுவில் இறக்கிவிட்டு பிளக்கைச் சொருகப் போனார்கள். இஞ்ஞாசியம்மாள் தலை நிமிர்ந்தாள்.

"அஞ்சு மணிக்குத்தான்ப்பா கரண்டு வரும். இன்னிக்கு ஷட்டவுன்."

முப்பத்து நான்கு வருடம் திண்டுக்கல்லில் மின்கம்பம் ஏறி இறங்கிய அவள் கணவர் கஸ்பார், மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தார். அரை மணி நேரத்தில், கரண்டே இல்லாத வீட்டில், அமைதியாகப் போய்விட்டார். இன்வெர்ட்டரும் கிடையாது. லைன்மேன் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் துறைக்கே அவமானம் என்பது அவர் கட்சி.

கொஞ்சம் முன்கூட்டியே லைன் விடச் சொல்ல முடியாதா என்று உறவினர்கள் மரியராஜைக் கேட்டார்கள். அவர் கஸ்பாரிடம் தொழில் படித்தவர், இன்னும் சர்வீசில் இருப்பவர்.

"கம்பத்துல ஆள் இருப்பான்யா. கேட்டா அண்ணனே எந்திரிச்சு வந்து என்னைய அறைவாரு" என்றார்.

வங்கியிலிருந்து ஓடி வந்திருந்த மகள் ரீனா, வேர்வை தாங்காமல் பழக்கதோஷத்தில் ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். அது ஏற்கெனவே போட்டிருந்தது. அவள் மனம் அதில் இல்லை. வாசலில் மாலையோடு நின்ற தமிழ்மதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிட்டயர் ஆனபிறகு கஸ்பார் யூடியூபில் பேய் கேம்களுக்கும் சூனியக்காரக் கோட்டை கேம்களுக்கும் விமர்சனம் சொல்லிவந்தார். படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் ரீனா. மார்க் போடும் முறை மட்டும் அவருடையது. ஆடும்போது பயத்தில் எழுந்துபோய் எத்தனை விளக்கைப் போடுகிறாரோ, அத்தனை மார்க். வீட்டில் மொத்தம் பதினோரு விளக்கு. இதுவரை ஒன்பதைத் தாண்டிய கேம் இல்லை. இரண்டை ஐந்தாக்கச் சொல்லி ஒரு கம்பெனி கெஞ்சியபோது, "மீட்டர் ஓடுன அளவுக்குத்தான தம்பி ரீடிங் எடுக்க முடியும்" என்று போனை வைத்துவிட்டார். எதிர்வீட்டு குர்ஷித் பேகம் ஜன்னல்களை எண்ணி, வீடியோ வருவதற்கு முன்பே தெருவுக்கு ரிசல்ட் சொல்லிவிடுவார்.

சின்னாளப்பட்டி தமிழ்மதியும் அவள் அக்காவும் மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு கேம் செய்திருந்தார்கள். மூடிப்போன நூல் மில்லில் நடக்கும் பேய்க் கதை. நாளை காலை வெளியீடு. அங்கிளின் விளக்கு மார்க்கைப் போஸ்டரில் போடவேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. இன்று சாயங்காலம் சொல்வதாகக் கஸ்பாரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அவருடைய நோட்டில் கேமின் பெயர் இருந்தது. மார்க் கட்டம் காலி.

ரீனா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக விசாரித்தாள்.

"ஜன்னலெல்லாம் சாத்திக்கிட்டு லேப்டாப்புல ஆடுனார். நடுநடுவுல எந்திரிச்சு வீட்டையே சுத்திச் சுத்தி வந்தார். கண்ணாடியத் தேடுறார்னு நெனச்சேன்" என்றாள் இஞ்ஞாசியம்மாள். "சாப்புடறப்ப எப்டி இருந்துச்சுன்னு கேட்டேன். மோரக் குடிச்சுட்டு ஒரு சிரிப்பு. சாயங்காலம் சொல்றேன்னார்."

கேட்டுக்கொண்டிருந்த மரியராஜ் குனிந்து, "ஏழுன்னு போட்டுவிடு பாப்பா. யாரு கேக்கப்போறா?" என்றார்.

"அப்பா கேப்பாரு மாமா."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். "மார்க் சொல்லாமலே போய்ட்டாரு மதி. நானா ஒண்ணு சொல்ல முடியாது."

"பரவால்லக்கா. கடைசி வரைக்கும் ஆடுனாரா?"

"முடிச்சிருக்காரு."

"அது போதும்க்கா" என்றாள் தமிழ்மதி. ஆனால் அவள் விரல்கள் மாலையிலிருந்து ஒவ்வொரு இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தன.

மணி ஐந்தானது. மரியராஜ் வாட்சைப் பார்த்து, இரண்டு நிமிடம் லேட் என்று முணுமுணுத்தபோது கரண்டு வந்தது. ஐஸ் பெட்டி உறுமியது. ஃபேன் சுற்றியது. ஹால் டியூப்லைட் இரண்டு முறை சிமிட்டி எரிந்தது. அதோடு நிற்கவில்லை. இரண்டு படுக்கையறை, அடுப்படி, பாத்ரூம், ஸ்டோர் ரூம், மாதா படத்துக்கு மேல் சிவப்பு பல்பு, வாசல், கேட், கொல்லையில் துவைக்கும் கல்லுக்கு மேலிருந்த பல்பு, எல்லாம் பட்டப்பகலில் எரிந்தன.

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள்.

"ஷட்டவுன்னு தெரிஞ்சும் சுவிட்சத் தட்டிருக்காரு" என்றார் மரியராஜ். "லைன்மேனு…" மேலே பேச முடியாமல் அவர் தோள்கள் குலுங்கின. அது சிரிப்புதான்.

"கண்ணாடியத் தேடல மனுசன்" என்ற இஞ்ஞாசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குர்ஷித் பேகம் கொல்லைவரை எட்டிப் பார்த்து, வழக்கம்போல விரல்விட்டு எண்ணி முடித்திருந்தார். "பத்து" என்றார். தமிழ்மதி வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ரீனாவுக்கு மொட்டைமாடியில் இருந்த பதினோராவது விளக்கு ஞாபகம் வந்தது. தவக்காலம் தொடங்கியும் கஸ்பார் கழற்றாமல் விட்ட கிறிஸ்துமஸ் ஸ்டார் அங்கே தொங்கியது. அதைக் கழற்றச் சொல்லி அம்மா தினமும் திட்டுவாள்.

மாடியில் வெயில் இன்னும் இறங்கவில்லை. வெளுத்துப்போன சிவப்புக் காகித ஸ்டார் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ரீனா இரண்டு கைகளையும் அதன்மேல் குவித்து, இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மதி, மேல வா."

தமிழ்மதி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ரீனா முகத்தை மட்டும் விலக்கி அவளுக்கு இடம் விட்டாள். கீழே ஜெபம் மறுபடி தொடங்கியது. வெயிலை மறைத்துப் பிடித்திருந்த ரீனாவின் உள்ளங்கைகள் ஸ்டாரின் வெளிச்சத்தில் சிவப்பாக இருந்தன.