சக்கரவர்த்தியின் முதுகு

அரண்மனைக் கொலைகாரர்களிடமிருந்து தப்பி, மீன் பீப்பாயில் ஒளிந்து, கடல் தாண்டி வந்தானாம். செத்துப்போனதாக அரசாங்கம் அறிவித்த சக்கரவர்த்தி நான்தான் என்று எங்கள் யாயிக் ஆற்றங்கரையில் நின்றான் அந்தத் தாடிக்காரன். கேட்பவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடியும்.

அசல் சக்கரவர்த்திக்கு மார்பில் கழுகு வடிவ ராஜமுத்திரை இருக்கும் என்பது குதிரைவீரர்களான எங்கள் கோசாக்குகளின் நம்பிக்கை. அதைப் பார்க்க ஊர்ப் பெரியவர்கள் அவனை நீராவிக் குளியலறைக்குக் கூட்டிப் போனார்கள். குளியல் வழக்கப்படி இலைக்கொத்தால் அவன் உடம்பைத் தட்டிவிட்டது என் கணவர் யெரெமெய்.

"மார்ல ரெண்டு வடு இருக்கு லுக்கேரியா. கழுகு மாதிரி இருக்காம்" என்றார் வீட்டுக்கு வந்து.

"முதுகுல?"

கஞ்சியைக் கிண்டினார். "சாட்டைத் தழும்பு. ஓடிவந்த கைதிதான். எல்லாரும் பாத்தோம், யாரும் வாயத் திறக்கல."

"தெரிஞ்சேவா அவன் பின்னாடி போறீங்க? கிறுக்கா உங்களுக்கு?"

"ஆத்துல வேலி போட்டு நம்ம மீனை மறிச்சது அசல் அரசாங்கம். அதப் பிடுங்கறேங்கறவன் இவன். யாருடி எனக்கு ராசா?"

பிடுங்கினார்கள். கொஞ்ச நாள் மீன் வந்தது. பிறகு பீரங்கி வந்தது. முதல் குண்டு விழுந்ததும் சக்கரவர்த்தி யெரெமெயின் குதிரையில் ஏறி ஓடிவிட்டான். நான் புல் போட்டு வளர்த்த குதிரை!

தேவாலயத்தின் முன்னால் அரசாங்க ஜெனரல் விசாரித்தார். அசல் என்று நம்பி ஏமாந்தவனுக்குக் கசையடி. போலி என்று தெரிந்தே போனவனுக்குத் தூக்கு. அவ்வளவுதான், ஊரே ஒரே நாளில் முட்டாளாகிவிட்டது.

"கழுகப் பாத்து மோசம் போயிட்டோம் சாமி" என்று மூக்கைச் சிந்தினார் ஊர்த்தலைவர் சவ்வாத்தி. குளியலறையில் அந்த முதுகை அவசரமாகத் துண்டால் மூடிய மனிதர்!

யெரெமெயின் முறை வந்தபோது நான் கத்தினேன். "அவரு வெள்ளந்தி ஐயா! நம்பிட்டாரு!"

அவர் என்னைப் பார்த்துவிட்டு ஜெனரலிடம் திரும்பினார். "இல்லீங்க. முதுகப் பாத்தேன். ராசான்னா அடிக்கிறவன்தான், அடி வாங்க மாட்டான். ஒரு தடவையாவது அடி வாங்குனவன் ராசாவா இருக்கட்டுமேன்னுதான் போனேன்."

தூக்கில் போட்டார்கள். ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லையே அந்த மனுஷனுக்கு! அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆற்றில் மறுபடி வேலி முளைத்தது. சவ்வாத்தி குனிந்தபடியே என் வாசலுக்கு வந்தார்.

"காயத்துக்குப் போட வாத்துக் கொழுப்பு கொஞ்சம் இருக்குமாம்மா?"

"சட்டையத் தூக்குங்க."

தூக்கினார். முதுகெல்லாம் பிளந்து கிடந்தது.

"இப்ப உங்களுக்கும் ராசா முதுகுதான் பெரியவரே. போங்க, போய் வேலியப் பிடுங்குங்க" என்று கதவைச் சாத்தினேன்.