கோட்டு போட்ட நைனா

சாவியோவின் அப்பா லூர்து செத்து முப்பதாம் நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மாதா கோயிலில் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. ராயபுரத்தில் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டால் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டாம். சாவியோவும் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸை நம்பினான்.

நம்பியது தப்பு. ஃப்ளெக்ஸ் கடைக் கோதண்டத்துக்கு ஒரு கொள்கை உண்டு: செத்தவர் யாராக இருந்தாலும் கோட்டும் டையும் மாட்டித்தான் அனுப்புவார். லூர்துவின் தலையில் கிடந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டை அழித்துவிட்டு, அடர்த்தியாகக் கறுப்பு முடியும் நட்டிருந்தார்.

ஊருக்கு அவர் துண்டு நைனா. ஃப்ளெக்ஸில் போட்டிருந்த லூர்து என்ற பேர் ரேஷன் கார்டுக்கும் சாமியாருக்கும் மட்டுமே தெரியும். ஹார்பரில் கிரேன் ரிப்பேரானால், மெக்கானிக் வரும்வரை அந்த இடத்தில் நைனாவை நிறுத்திவைப்பார்கள். வேலை முடிந்து திரும்பினால், யார் வீடு காலிசெய்தாலும் சும்மாவே சாமான் தூக்குவார். ஒருமுறை பீரோவைத் தலையில் ஏற்றிக்கொண்டு காலடிப்பேட்டை வரைக்கும் நடந்தார். இறக்கித் திறந்தால் உள்ளே வீட்டுக்காரரின் மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார். சந்தேகப்படுகிறவர்கள் அந்த மச்சானையே கேட்டிருக்கலாம். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் பூசைக்கு ஒரு ஆள் வரும் அறிகுறி இல்லை.

"இன்னா சாவியோ, யாருப்பா இது? கவுன்சிலருக்கு நிக்கிறாரா?" என்றார் டீக்கடைக்காரர்.

"எங்கப்பாண்ணே!"

"சும்மா கலாய்க்காத. நைனாவ எனக்குத் தெரியாதா?"

சாவியோ கோதண்டத்துக்கு போன் போட்டான். "யோவ், இன்னாயா பண்ணி வெச்சிகீற? எவனுக்கும் அடையாளம் தெர்ல!"

"மாமு, பெரிய மனுஷன். துண்டோட போட்டா மரியாதயா இருக்குமா? கோட்டுக்குக் காசுகூட வாங்கல."

மீன் விற்கும் தங்கபுஷ்பம் தலையில் அன்னக்கூடையோடு வந்தாள். ஃப்ளெக்ஸை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவம், எந்த பேங்க்கு மேனேஜரோ," என்று உச்சுக்கொட்டிவிட்டு நடந்தாள்.

சாவியோவுக்குக் காது சூடானது. ஊர்ச் சுமையெல்லாம் தூக்கிய மனிதருக்குக் காலி பெஞ்சுகளின் முன்னால் பூசையா? வீட்டுக்கு ஓடினான். அங்கே அக்கா கரோலின் பிரியாணி அண்டா பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"யார்னா வர்றாங்களாடா?"

"பேங்க்கு மேனேஜர் பூசைக்கு எவன்க்கா வருவான்?"

கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை உருவிக்கொண்டு தெருமுனைக்குத் திரும்பினான். டீக்கடை ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தக் கறுப்பு முடியை மறைத்துத் துண்டை ஆணியால் அடித்தான்.

"யோவ் நைனா!"

பின்னாலிருந்து வந்த அலறலில் ஸ்டூலே ஆடியது. தெருவைச் சுற்றித் திரும்பிய தங்கபுஷ்பம் கூடையைத் தரையில் இறக்கிவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "நீயாய்யா? கோட்டு கீட்டுலாம் போட்டுகினு நிக்கிறியே! உன்னியப் போயி மேனேஜர்னு சொல்லிட்டனே!"

டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. "இன்னிக்கா முப்பது? வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டியாடா கஸ்மாலம்?" என்று ஆளாளுக்குச் சாவியோவைத் திட்டினார்கள். வாழ்நாளில் இவ்வளவு திட்டை அவன் சேர்த்து வாங்கியதில்லை. கோயில் மணி அடித்தது.

"பூசைக்குப் போலாம். கூடைய ஏத்தி வுடு," என்றாள் தங்கபுஷ்பம். "தெனிக்கும் இதே மொனைல உங்கப்பன்தான் ஏத்தி வுடுவாரு. ஒத்தக் கையால."

சாவியோ இரண்டு கையாலும் தம் கட்டினான். கூடை முழங்கால்வரை வந்து நின்றது. மேலே துண்டோடு நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தூக்குடா!" என்றது தெரு.