செவெரினாவுக்கு ஓர் ஆணி

1.

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. ஒரு பஸ் சீட்டில் பிறந்தது.

எல் ஆல்ட்டோ என்கிற மலை நகரத்தின் பஸ் ஓட்டுநர் சங்கங்களில் ஒன்றுக்குப் பொதுச்செயலாளர் இலாரியோன் சாம்பி; எல்லோருக்கும் 'தலைவர்'. சங்கத்தின் ஆண்டுவிழா மலருக்காக, டீசல் மெக்கானிக் தொழிலில் ஒருவர் காலெடுத்து வைப்பது எப்படி என்று இளைஞர்களுக்கு எழுச்சியூட்டும் கதை ஒன்றை என்னிடம் கேட்டார். பதிலுக்கு, சங்கத்தின் எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஓட்டுநருக்குப் பக்கத்து முன்சீட்டு ஓராண்டுக்கு எனக்கு. நாலாயிரம் மீட்டர் உயரத்து ஜூலைக் குளிரில் இஞ்சின் மூடியின் சூடு முழங்காலில் படுகிற ஒரே சீட்டு அதுதான். எழுத்தாளர்கள் இதைவிட அற்பமானவற்றுக்கெல்லாம் விலைபோயிருக்கிறார்கள். நான் உடனே போனேன்.

"கதையில உண்மை இருக்கணும்," என்றார் தலைவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அளவா," என்றார்.

2.

முதல் தொடக்கம்: "பிறந்த குழந்தை செவெரினா, தாயின் குரலுக்குத் திரும்புமுன் இஞ்சினின் ஓசைக்குத் திரும்பி—"

அடித்துவிட்டேன். செவெரினா டார்க்கி பிறந்த ஊரில் அன்று இஞ்சினே கிடையாது. லாமா என்கிற சுமை மிருகங்கள்தான் இருந்தன. அவற்றின் ஓசைக்குத் திரும்பினால் மூஞ்சியில் துப்பும்.

இரண்டாம் தொடக்கம்: "இரும்பின் இதயத்துக்குள் துடிக்கும் பெண்மையின்—"

இதை அடிக்க எனக்கு இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. இருபது வருஷத்துக்கு முன்பென்றால் இதைத் தலைப்பாகவே வைத்திருப்பேன். வயதாவதில் இப்படிச் சில லாபங்களும் உண்டு.

மூன்றாம் தொடக்கம்: "செவெரினாவுக்கு ஓர் ஆணி வேண்டும்."

இது நிற்கட்டும். எழுச்சியே இல்லை, ஆனால் உண்மை.

3.

ஃபாவுஸ்தோ லிப்பா மேஸ்திரியின் டீசல் பட்டறையில் பின்சுவரில் ஆறு ஆணிகள். ஒவ்வொன்றின் கீழும் சிவப்புப் பெயின்டில் ஒரு பெயர். நிரந்தர மெக்கானிக் தன் வேலை உடுப்பைத் தன் பெயருக்கு மேலே மாட்டுவார். தற்காலிக ஆளின் உடுப்பு கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளில் தொங்கும். யார் உள்ளே போனாலும் அது தரையில் விழும். போனவர் எடுத்து மாட்டமாட்டார், ஏனென்றால் அவர் அவசரத்தில் இருப்பார். வெளியே வருகிறவரும் மாட்டமாட்டார், ஏனென்றால் இப்போது நிம்மதியில் இருப்பார். மூன்று மாதமாக அந்த உடுப்பு செவெரினாவுடையது. நாளையோடு தவணை முடிகிறது. ஒன்று ஆணி, அல்லது பழைய தொழில்.

பழைய தொழில் என்பது பஸ் நிலையத்தில் ஆப்பி விற்பது. ஊதாச் சோளத்தில் காய்ச்சும் கஞ்சி. பதினோரு வருஷம் விற்றாள். அப்புறம் மாலை வகுப்பில் சேர்ந்து டீசல் மெக்கானிக் சான்றிதழ் வாங்கினாள். இன்றைக்கும் ஓட்டுநர்கள் பானெட்டுக்குள் குனிந்திருக்கிறவளைப் பார்த்து, "ஆப்பிக்காரம்மா, சூடா ஒண்ணு," என்கிறார்கள். அவள் நிமிராமலே, "சூடா டீசல் இருக்கு, ஊத்தவா?" என்கிறாள்.

(இங்கே எனக்கு இந்தக் கதாபாத்திரத்தின்மேல் ஒரு சந்தேகம். முப்பத்துநாலு வயதில் சான்றிதழ் வாங்கிய பெண் என்றால் வாசகர் உடனே பிறவி மேதையை எதிர்பார்ப்பார். அவளிடமே மதிப்பெண் கேட்டேன். ஐம்பத்து மூன்று என்றாள். தேர்ச்சிக்கு ஐம்பத்தொன்று. "ரெண்டு மார்க்கு வேஸ்டு," என்றாள். மேதையை நான் கைவிடுகிறேன். நீங்களும் கைவிட்டுவிடுங்கள்.)

4.

இனி வண்டி. ரெமிகியோ என்கிற ஓட்டுநரின் சொந்த பஸ். பின்கண்ணாடியில் 'செல்லப்பிள்ளை' என்று எழுதியிருக்கும். எழுதியிருக்கிறது என்பது ரெமிகியோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு மாதமாக அது விடும் கரும்புகையில் பின்கண்ணாடியை யாரும் கண்டதில்லை. மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கி நடப்பார்கள். நடந்தவர்கள் முன்னால் போய் நின்று வண்டிக்காகக் காத்திருப்பார்கள்.

புகை தொடங்கிய நாள் எல்லோருக்கும் தெரியும். கார்னிவல் செவ்வாய். அன்று வண்டிகளுக்குப் பூசை. காகிதச் சுருள் கட்டி, சக்கரத்தடியில் பூமித்தாய்க்கு பீர் வார்த்து, மேலே கலர்க் காகிதப் பொடி தூவுவோம். வண்டிக்கு ஒரு ஞானத்தந்தை உண்டு. முதல் பிடி அவருடையது. செல்லப்பிள்ளைக்கு ஞானத்தந்தை நம் தலைவர்தான். (மேஸ்திரியின் வெல்டிங் மிஷினுக்கும், பட்டறைக் கூரைக்கும், மேஸ்திரியின் இரண்டு பெண்களுக்கும்கூட அவரேதான்.) வெளியே தூவினால் காற்றில் போய்விடும், ஆசீர்வாதம் உள்ளே போகவேண்டும் என்றார் அவர். ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றச் சொல்லி ஒரு பை பொடியை முழுசாக உள்ளே கவிழ்த்தார். மேலே அரை பாட்டில் பீர். மூடச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

பூமித்தாயின் பெயரால் தூவியதைக் கையால் எடுக்கக்கூடாது. அதுவாக உதிரவேண்டும். எடுத்தால் அதிர்ஷ்டம் கூடவே போய்விடும், தூவியவருக்கும் அவமானம். ரெமிகியோவின் பக்கக் கண்ணாடியில் மூன்று கார்னிவலுக்கு முந்தைய சுருள் இன்னும் தொங்குகிறது. ஆனால் ஏர் ஃபில்டருக்குள் இருப்பது அதுவாக எப்படி உதிரும்? அதுவும் போதாதென்று, தலைவர் மாதத்தின் முதல் வெள்ளிதோறும் வந்து மூடியைத் திறந்து, தன் ஆசீர்வாதம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. இன்ஜெக்டரை இரண்டு முறை மாற்றினார். டீசல் பம்பைக் கழற்றிப் பூட்டினார். டேங்க்கைக் கழுவினார். கடைசியில் ரெமிகியோ மிதிக்கிற மிதிதான் கனம் என்று சொல்லி, மெல்லிய செருப்பு போடச் சொன்னார்.

5.

பரீட்சைக்கு மேஸ்திரி செவெரினாவிடம் கொடுத்த வண்டி இதுதான். நாளைக்கு ஆண்டுவிழா ஊர்வலத்தில் செல்லப்பிள்ளை முன்னால் மேடேற வேண்டும். புகையில்லாமல் ஏறினால் ஆணி.

மலருக்குத் தகவல் சேகரிக்க நான் ஒரு பழைய பேட்டரிப் பெட்டியின்மேல் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்து மூன்று மார்க் வாங்கிய செவெரினா, ஐம்பத்து மூன்று மார்க்குக்காரர்கள் செய்வதைச் செய்தாள். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். கரும்புகையா, முதலில் காற்று போகிறதா பார். மூடியைத் திறந்தாள். உள்ளே மடிப்பு மடிப்பாக, பச்சை, மஞ்சள், ரோஸ் நிறத்தில், பீரில் ஊறிக் காய்ந்து, கெட்டியான அடைபோல ஒரு திருவிழா.

"மூடு," என்றார் மேஸ்திரி.

"இதுதான் கோளாறு, மேஸ்திரி."

"எனக்குத் தெரியாதா? அன்னிக்கு மூடியைக் கழட்டிக் குடுத்ததே நான்தான். மூடு."

"அப்ப ஆறு மாசமா பம்பை எதுக்குக் கழட்டுனீங்க?"

"வேற எதைக் கழட்டுறது?"

செவெரினா அவரைப் பார்த்தாள். அப்புறம் கழிப்பறைக் கதவைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து உடுப்பு விழுந்தது. (கதைக்காகச் சேர்த்ததில்லை. ரெமிகியோவுக்குப் பதற்றம் வந்தால் கழிப்பறைக்குப் போவார்.)

6.

அவள் மூடியை மூடாமல் யோசித்துக்கொண்டிருந்த கால்மணி நேரத்தில் நான் நோட்டில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: பூமித்தாய் மனமிரங்கி ஒரு சுழற்காற்றை அனுப்ப, காகிதப் பொடி தானாகவே வெளியே பறந்து, வானவில்லாக— தலைவருக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கும் வெட்கம் என்று ஒன்று உண்டு; அதிகம் புழங்காததால் புதுசாக இருக்கிறது.

முடிவு இரண்டு: ரகசியமாக எடுத்து வைத்துவிட்டு, முதல் வெள்ளிக்கு மட்டும் திரும்பப் போடுவது. நடைமுறைக்கு ஒத்ததுதான். ஆனால் ஊர்வலம் நாளை, நாளைதான் முதல் வெள்ளி. மேலும் மாதாமாதம் பொய்யைக் கழற்றிப் பூட்டுவதற்கு மேஸ்திரியின் பம்பே தேவலை.

முடிவு மூன்று: அவள் தலைவரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல, எல்லோரும் கைதட்ட— பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். உண்மை சொன்னவருக்குக் கைதட்டு விழுந்து நான் கேட்டதில்லை. நாற்காலி நகரும் சத்தம்தான் கேட்டிருக்கிறேன்.

நான்காவது முடிவு: "செவெரினா மெல்ல நிமிர்ந்து, தன் வலது கையை—"

இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். ஏனென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதாபாத்திரம் என்னைக் கேட்காமல் எழுந்து போய்விட்டாள்.

7.

பொடியைக் கையால் தொடாமல், பழைய ஃபில்டரை அப்படியே கழற்றி ஒரு தட்டில் வைத்தாள். புதுசை மாட்டி மூடினாள். மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த நேரம் தலைவர் உள்ளே வந்தார். நாளைய ஊர்வலத்துக்கான பட்டைத்துணியை இன்றே மார்பில் குறுக்கே போட்டு, கையில் ஒரு பையோடு வந்திருந்தார். பட்டறையில் புது ஆணி அடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டாராம், அந்த ஆணிக்கும் தானே ஞானத்தந்தையாக இருக்கச் சம்மதமாம். பையில் காகிதப் பொடி.

செவெரினா தட்டை, திருவிழாவில் புனிதர் சொரூபம் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் நீட்டினாள்.

"தலைவரே, உங்க ஆசீர்வாதம். பிடிங்க."

எது நீட்டப்பட்டாலும் வாங்கிக்கொள்வது தலைவரின் பழக்கம். வாங்கிவிட்டார். அப்புறம்தான் பார்த்தார்.

"இது... கார்னிவலுக்கு நான் போட்டதுல்ல?"

"ஆமா தலைவரே. ஒரு பொடி உதிரல. அப்படியே இருக்கு."

"பாத்தீங்களா எழுத்தாளரே," என்றார் என் பக்கம் திரும்பி. "எவ்வளவு பலம்!"

"பலம்தான் பிரச்சனை," என்றாள் செவெரினா. "உங்க ஆசீர்வாதம் ஆறு சிலிண்டருக்கு உள்ளது. இது நாலு சிலிண்டர் வண்டி. பாவம், தாங்கமாட்டேங்குது. மூச்சு முட்டுது."

(செல்லப்பிள்ளையும் ஆறு சிலிண்டர் வண்டிதான். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும், தலைவரைத் தவிர. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர் என்று மலரின் முதல் பக்கம் அவரைப் பற்றிச் சொல்கிறது. அந்தப் பக்கத்தையும் நான்தான் எழுதினேன்.)

ரெமிகியோ ஏறி இஞ்சினைக் கிளப்பினார். மிதித்தார். புகை வரவில்லை. மறுபடி நன்றாக மிதித்தார். ஆறு மாதத்தில் முதல்முறையாகப் பின்கண்ணாடியில் 'செல்லப்பிள்ளை' என்று படிக்க முடிந்தது. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்கள்.

நாளைய மேட்டுக்குக் காத்திராமல் மேஸ்திரி சுத்தியலை எடுத்தார். ஏழாவது ஆணியைச் சுவரில் வைத்து, தலைவரின் வாயைப் பார்த்தார். அவர் சொல்லாமல் அந்தப் பட்டறையில் ஆணியும் இறங்காது. எல்லோரும் பார்த்தார்கள். ஆசீர்வாதத்தைக் கழற்றியவளுக்கு ஆணியா? அல்லது தட்டில் இருப்பதைத் திரும்ப உள்ளே போடு என்பாரா? ஒரு கையில் பழைய பொடி, மறு கையில் புதுப் பொடி. கோபப்படலாமா, பெருமைப்படலாமா என்று தலைவரின் முகம் இரண்டு கியருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு உறுமியது.

கடைசியில் அவர் என்னிடம்தான் வந்தார். குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்:

"எழுத்தாளரே, கதையில இந்த இடத்துல நான் என்ன சொல்றேன்?"

பெரிய கேள்வி. வாழ்நாள் முழுக்க எழுத்துக்குச் சமூகத்தில் என்ன மரியாதை என்று புலம்பியவன் நான். இதோ, ஒரு பொதுச்செயலாளரின் வாய் என் பேனா முனையில் காத்திருக்கிறது. "அடிக்கச் சொல்றீங்க" என்று இரண்டே வார்த்தை போதும். ஆனால் அவருக்குப் பிடிக்காமல் போனால்? ஜூலைக் குளிரையும், இஞ்சின் மூடியின் சூட்டையும், என் முழங்கால்களையும் நினைத்தேன்.

"அதை வாசகர்கிட்ட விட்டிருக்கேன், தலைவரே," என்றேன்.

செவெரினா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன். முன்சீட்டில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் தெரியாது.

தலைவர் தலையாட்டி, தட்டோடும் பையோடும் நிமிர்ந்து நின்று உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, புகையில்லாமல். மேஸ்திரி இடது கையில் ஆணியைப் பிடித்தபடி, வலது கையில் சுத்தியலை ஓங்கியபடி நிற்கிறார். அவருக்கு அறுபத்திரண்டு வயது, தோளில் வாயு.

கை வலிக்கும். சீக்கிரம் சொல்லுங்கள்.