இருபத்திரண்டு கூடை செம்மண்

மூன்றாவது கூடைக்கே முத்தாயிக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் வாங்கினால் நின்று ஆற்றிக்கொள்ளலாம். அவளுக்குக் காதுக்குள் வாங்கியது, கடல் இரைவதுபோல. கால்கள் வேறு யாருடையவோ போல அவளைச் சுமந்துகொண்டு போயின. தலையில் செம்மண் கூடை, வயிற்றில் ஏழு மாதம். பொங்கோல் கடற்கரைக்குப் போகும் ரோட்டின் இரண்டு பக்கத் தென்னைகளும் அவள் உற்றுப் பார்த்தால் நின்றன. பார்வையை எடுத்தால் மிதந்தன.

"ஏ முத்தாயி, தூங்கிக்கிட்டே நடக்குறியா?" என்று கத்தினார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அங்கமுத்து. "போன வாரம் விழுந்தே, சரின்னு விட்டேன். இன்னொரு வாட்டி விழுந்தா பேரை அடிச்சுடுவேன். வயித்துப் புள்ளைக்கும் சேர்த்து சர்க்காரு கூலி குடுக்காது."

"விழ மாட்டேன் மண்டோரய்யா."

"தென்னமரத்தைப் பார்த்துச் சொல்றா பாரு. நான் இங்க நிக்கிறேன் தாயி."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். முத்தாயியும் சிரித்தாள். சிரிக்கவும் மூச்சு வேண்டியிருந்தது.

சிராங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த கூலி லயத்திலிருந்து விடியுமுன்னே அவர்கள் வண்டியில் கிளம்பி வருவார்கள். முத்தாயியின் புருஷன் மாணிக்கம் மண் வண்டிக்காரன். குழியிலிருந்து செம்மண் ஏற்றி வந்து ரோட்டோரம் குவியலாகக் கொட்டுவான். பெண்கள் குவியலிலிருந்து கூடையில் அள்ளிக்கொண்டு போய்ப் பரப்ப வேண்டும். குவியலை விட்டு ஒரு கூடை கிளம்பும்போது அங்கமுத்து தகர டப்பாவில் ஒரு பிரம்புத் துண்டைப் போடுவார். எண்ணிக்கை அங்கேயே முடிந்தது. கூடை எங்கே போய் விழுகிறது என்று யாரும் எண்ணுவதில்லை.

கூடையைத் தூக்கிவிட ஆள் வருவதற்குள் முத்தாயி ஒரு சிட்டிகை மண்ணைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். புது மழை பட்ட செம்மண் என்றால் இரண்டு சிட்டிகை. அது நாக்கில் இரும்பாணி ருசியோடு கரைந்தது. சோகை பிடித்தவள்தான் மண் தின்பாள் என்று அவளுக்கும் தெரியும். போன வருஷம் பிறந்த குழந்தை தும்பைப்பூவாக வெளுத்து வந்தது, அழத் தெம்பில்லாமல் இரண்டாம் நாள் அடங்கிப்போனது. மருத்துவச்சி அவளைத்தான் திட்டினாள். "ஒன் ஒடம்புல ரத்தமே இல்ல. எதைக் குடுத்து வளர்ப்பே?" அதற்குப் பிறகும் மண் ஆசை போகவில்லை. தின்றதால் ரத்தம் ஊறவும் இல்லை.

அன்று வெயில் ஏறிய பிறகு அவள் தண்ணீர் கேட்டு ஆ சிம் வீட்டுக்குப் போனாள். கூடையைக் கீழே வைத்தால் தூக்கிவிட ஆள் தேட வேண்டும். அதனால் தலைச் சுமையோடேயே போனாள். ரோட்டோரத்தில் தனியாகப் பன்றி வளர்க்கும் சீனத்தி ஆ சிம். நாற்பது வயதிருக்கும். சித்தி என்பதற்கு அவர்கள் பேச்சில் ஆ சிம். எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். பக்கத்துப் பட்டிகளில் பன்றிகள் சேற்றில் புரண்டுகொண்டிருக்க, ஆ சிம் மட்டும் இருந்த நகையை விற்று, சிமெண்டுத் தரை போட்டுப் பட்டி கட்டியிருந்தாள். காலையும் மாலையும் வாளி வாளியாக நீர் ஊற்றித் தேய்ப்பாள். சோறு போட்டுத் தின்னலாம், அப்படி ஒரு தரை.

அந்தத் தரையில் ஒன்பது குட்டிகள் கிடந்தன.

முத்தாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். இத்தனை வெளுப்பை அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். காதுகளில் வெயில் விழுந்து மறுபக்கம் வந்தது. நடுவே ஒரு நரம்புகூடத் தெரியவில்லை. குட்டிகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. ஆனால் படுத்த இடத்திலேயே விலா துள்ளித் துள்ளி மூச்சு வாங்கின. அந்தத் துள்ளல் அவள் காதுக்குள் கேட்ட இரைச்சலோடு ஒத்துப்போனது. எது தன் மூச்சு, எது அவற்றின் மூச்சு என்று ஒரு கணம் அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இருவருக்கும் பொது, சந்தையில் பேசும் பசார் மலாய்தான், அதுவும் ஆளுக்குப் பாதி. மீதியைக் கை பேசியது.

"குட்டி வெள்ளை," என்றாள் ஆ சிம். "மூணு வாரம் ஆனா சாவுது. முன்னாடி பதினொண்ணு போச்சு. அதுக்கு முன்னாடி பத்து."

"என்ன திங்குது?"

"அம்மா பால். நல்ல பால். அம்மாவுக்குத் தவிடு, கிழங்குத் தண்டு, எல்லாம் குடுக்கிறேன். தரை பாரு, எவ்ளோ சுத்தம் லா! அழுக்குப் பட்டியில குட்டி ஓடுது. என் பட்டியில சாவுது."

தூணில் சிவப்புக் காகிதம் கட்டியிருந்தாள். அதைக் காட்டி, "வெள்ளை எங்களுக்குச் சாவு நிறம்," என்றாள். "சிவப்பு வந்தாத்தான் அது போகும். காகிதம் போதலை."

கிறுகிறுப்பு தாங்காமல் முத்தாயி சுவரைப் பிடிக்க ஓர் அடி உள்ளே வைத்துவிட்டாள். கழுவிய தரையில் அவள் பாதம் சிவப்பாகப் பதிந்தது.

"ஐயோ, காலு! வெளியே, வெளியே!"

அதற்குள் ஒரு குட்டி எழுந்துவிட்டது. ஆடி ஆடி வந்து, மண் காய்ந்திருந்த அவள் கணுக்காலை நக்கியது. விரலிடுக்கில் மூக்கை நுழைத்து மறுபடி நக்கியது. இன்னொன்று வந்தது. முத்தாயிக்குக் கன்னத்தில் அடக்கியிருந்த மண்ணின் ருசி நாக்குக்கு வந்தது. அவள் யோசிக்கவில்லை. தலையிலிருந்த கூடையை அப்படியே சிமெண்டுத் தரையில் கவிழ்த்தாள்.

ஆ சிம் விளக்குமாற்றை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. வெள்ளைத் தரையின் நடுவே செக்கச்செவேல் என்று ஒரு குவியல். ஒன்பது குட்டிகளும் அதற்குள் மூக்கைப் புதைத்திருந்தன.

"சிவப்பு," என்றாள் ஆ சிம், மெதுவாக.

சிவப்பு இல்லை ஆ சிம், பசி, என்று சொல்ல முத்தாயிக்கு மலாய் போதவில்லை.

அன்று இரண்டு கூடை. மறுநாளும் இரண்டு. பிரம்புத் துண்டு தகர டப்பாவில் விழும். கூடை ஆ சிம் பட்டியில் விழும். ஐந்தாம் நாள் குட்டிகளின் காதில் மெல்லிய நரம்புகள் தெரிந்தன. ஏழாம் நாள் ஒன்றையொன்று துரத்தின. மதியம் தென்னையடியில் கண் அயரும்போதெல்லாம் முத்தாயிக்கு ஒரே காட்சி. வயிற்றுக்குள் யாரோ சின்ன நாக்கால் சுவரைச் சுரண்டிச் சுரண்டி நக்குகிறார்கள்; சுவர் வெளுப்பாக இருக்கிறது, ஒன்றும் வரவில்லை. விழித்தால் தென்னைகள் மிதந்துகொண்டிருக்கும்.

ஆ சிம் கூர்மையானவள். எட்டாம் நாள் ஒரு குட்டியின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, அதே கையால் முத்தாயியின் கீழிமையையும் இழுத்தாள்.

"நீயும் வெள்ளை," என்றாள்.

உள்ளே போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். பன்றி ஈரல், இஞ்சி, கீரை, ஆவி பறக்கும் சாறு. "பிள்ளை பெறுறவ இதைத்தான் சாப்பிடணும். மண்ணைத் தின்னாதே. மண்ணு குட்டிக்கு. ஈரல் உனக்கு."

முத்தாயிக்குக் கூசிப்போனது. தான் மண் தின்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது? உதட்டோரம் துடைத்துக்கொண்டாள், விரலில் சிவப்பு ஒட்டியது.

அந்த நேரத்தில் மாணிக்கம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். கிண்ணத்தை எட்டிப் பார்த்தான்.

"பன்னியா?"

"ஆமா."

"எங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சா வாசப்படி ஏத்த மாட்டா."

"ஒங்க ஆத்தா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கா. மூச்சு இந்தப் பக்கம்ல வாங்குது."

மாணிக்கம் வண்டியருகே திரும்பிப் போனான். முதுகைக் காட்டிக்கொண்டு, மாட்டின் கழுத்தைத் தடவியபடி நின்றான். பார்க்காதவரைக்கும் நடக்காதது மாதிரி. போன வருஷம் அந்த வெளுத்த குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். சற்றுக் கழித்துத் திரும்பாமலே கேட்டான்.

"எப்படி இருக்கு?"

"ஆணியை வேகவெச்ச மாதிரி இருக்கு."

"அப்ப முழுசாக் குடி."

அதிலிருந்து தினம் ஒரு கிண்ணம். களைப்பு போய்விட்டது என்று சொல்ல முடியாது, கூடை கூடைதான். ஆனால் காதுக்குள் கடல் கொஞ்சம் பின்வாங்கியது. மழை பிடித்த அன்று காலை தென்னைகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். நின்ற இடத்திலேயே நின்றன.

மூன்று நாள் அடித்துப் பெய்தது. நான்காம் நாள் மாணிக்கத்தின் வண்டியே ஆ சிம் பட்டிக்கு நேரே சக்கரம் புதைந்து நின்றது. மற்ற இடமெல்லாம் நாலு விரல் கனம் செம்மண். அங்கே மட்டும் ஒரு விரல்கூட இல்லை. அங்கமுத்து ஈர்க்குச்சியைக் குத்திக் குத்திப் பார்த்தார். டப்பாவை ஆட்டிப் பார்த்தார். பிறகு ரோட்டிலிருந்து பட்டி வரைக்கும் கோடாக ஓடிய, மழைக்கும் முழுக்கக் கரையாத சிவப்புத் தடங்களைப் பார்த்தார். அவற்றைப் பிடித்துக்கொண்டே போனார்.

ஒன்பது குட்டிகள், சிவந்த மூக்கோடு, வேலியிடுக்கில் அவரை முகர்ந்தன.

"முத்தாயீ!"

அவள் வந்து நின்றாள்.

"சர்க்காரு ரோட்டைப் பன்னிக்கு ஊட்டியிருக்கே. எத்தனை கூடை?"

"ஒரு நாளைக்கு ரெண்டு. பதினோரு நாளு."

"தப்பில்லாமக் கணக்குச் சொல்றா பாரு! ஏண்டி, ஒனக்கும் பன்னிக்கும் என்ன ஒறவு?"

முத்தாயி வேலியிடுக்கில் நீண்ட மூக்குகளைப் பார்த்தாள். "அதுக்கும் எனக்கு வாங்குற மூச்சுதான் வாங்குச்சு மண்டோரய்யா," என்றாள்.

ஆ சிம் ஒரு குட்டியை இரண்டு கையாலும் தூக்கி அங்கமுத்துவிடம் நீட்டினாள். அது கிறீச்சிட்டது. அவர் இரண்டடி பின்னால் போனார். "எனக்குப் பன்னி வேணாம் லா! ரோட்டுக்கு மண்ணு வேணும். அடுத்த மாசம் அளக்குற துரை வர்றாரு."

"நான் ரெண்டு வண்டி சேத்து ஏத்தியாறேன்," என்றான் மாணிக்கம்.

"ஒன் வண்டி மண்ணும் கணக்குல இருக்கு. குவியல் மண்ணும் கணக்குல இருக்கு. இவ குழியில தானே வெட்டி, தானே தலையில கொண்டாரணும். இருபத்திரண்டு கூடை."

அவர் முத்தாயியின் வயிற்றைப் பார்த்தார். பார்த்ததைத் தானே ஒப்புக்கொள்ளாதவராக முகத்தைத் திருப்பினார்.

"பேரை அடிக்கலை. பெத்துட்டு வா. அதுவரைக்கும் கல்லும் மணலும் போட்டு மூடி வைக்கிறேன். வந்ததும் மொதல்ல இது."

"சரிங்கய்யா."

குழந்தை ஒன்றரை மாதம் கழித்துப் பிறந்தது. பெண். லயமே எழுந்துகொள்ளும்படி அழுதாள். அழுகை அடங்கியதும் மாணிக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஆ சிம் செய்ததுபோலவே, மகளின் கீழிமையைக் கட்டை விரலால் மெல்ல இறக்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிவப்பு," என்றான்.

இப்போது முத்தாயி மறுபடி வேலைக்கு வருகிறாள். பிள்ளை ஆ சிம் வீட்டு நிழலில், தூளியில் தூங்குகிறாள். குட்டிகள் பெரிதாகிவிட்டன; விற்றும் ஆயிற்று. அடுத்த ஈற்றுக்கு ஆ சிம் தன் கொல்லையிலேயே தோண்டிச் செம்மண் எடுத்து வைத்திருக்கிறாள். துரை வந்து பார்த்தார். மணல் மேலே தூவியிருந்த சிவப்பைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மழை அதையும் கரைத்தது. பட்டிக்கு நேரே வரும்போது எந்த வண்டிக்கும் இடது சக்கரம் ஒரு முறை விழுந்து எழுகிறது; அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை தூக்கத்தில் உதடு குவிக்கிறாள். அங்கமுத்து அந்த இடத்தில் காலால் தட்டி முத்தாயியைப் பார்ப்பார்; குழிப் பக்கம் போ என்று மட்டும் சொல்ல மாட்டார்.

இருபத்திரண்டு கூடை செம்மண். அதில் ஒரு கூடைகூட அவள் இன்னும் அந்த ரோட்டுக்குக் கொடுக்கவில்லை.