எண்ணெய் வைத்த நாள்

திலகவதிக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், அன்றைக்கு உலகத்தில் யார் மேலும் கோபம் இருக்காது. அன்று சிதம்பரத்தில் ஏறியதுமே கிடைத்தது. காலையிலிருந்து வீடு வீடாகப் போய்த் தலை தலையாகப் பிடித்துவிட்ட விரல்கள் கெஞ்சிக்கொண்டிருந்தன. கடலூர் வரை தூங்கிக்கொண்டே போகலாம் என்றுதான் உட்கார்ந்தாள். ஆனால் மடியில் ஒரு பை இருந்தது. கடைசியாகத் தலை பிடித்துவிட்டு வந்த கொளஞ்சியம்மாள் வாசலில் வைத்து அவள் கையில் திணித்தது. "வீட்ல போய்ப் பிரிச்சுப் பாரு" என்று சொல்லித்தான் கொடுத்தாள். திலகவதிக்கு அவ்வளவு பொறுமை ஏது? பு.முட்லூர் தாண்டியதும் பிரித்துவிட்டாள்.

மேலே அதிரசம். ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே அடியில் துழாவினாள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைகள் வந்தன. ஒரு மாத்திரைகூடப் பிய்க்கப்படவில்லை. கொளஞ்சியம்மாளின் கட்டில் தலைமாட்டில் எப்போதும் பார்க்கிற அட்டைதான். வலிப்பு மாத்திரை.

பாதி கடித்த அதிரசத்தைப் பையிலேயே போட்டாள். அப்படியே போன் போட்டாள்.

"என்னாடி, வழியிலயே பிரிச்சிட்டியா? நீ பிரிப்பேன்னு எனக்குத் தெரியும்" என்று சிரித்தாள் கொளஞ்சியம்மாள்.

"அம்மா, இதுல மாத்திரை இருக்கு."

"ஆமா. காசு போட்டு வாங்குனது, குப்பையில போட மனசு வரல. உங்க கிளினிக்குக்கு இல்லாதபட்டவங்க யாராச்சும் வந்தா குடுத்துடு."

"நீங்க போடலியா?"

"எப்புடிப் போடுறது? நீ தலைக்கு எண்ணெ வச்சிட்டுப் போற. எண்ணெ வச்ச ஒடம்புல மாத்திரை போவலாமா? எங்க ஊர்ல மருந்து சாப்புடுறவங்க எண்ணெ தேய்ச்சித் தலை முழுவவே மாட்டாங்க. ரெண்டும் ஒண்ணா சேந்தா ஒடம்பு தாங்காது. ஏதாச்சும் ஒண்ண உடணும்னா, உன் எண்ணெயவா உடுவேன்? அதுல தான எனக்குத் தூக்கமே வருது. சரி இரு, வெந்நி ஆறுது, குளிச்சிட்டு வந்து பேசறேன்."

போனை வைத்துவிட்டாள்.

கொளஞ்சியம்மாளுக்குப் போன வருஷம் தலையில் கட்டி எடுத்தார்கள். கட்டி போனது, வலிப்பு வந்தது. வலிப்பை மாத்திரை அடக்கியது, ஆனால் தலைவலியும் தூக்கமின்மையும் விடவில்லை. தையல் போட்ட இடத்தைத் தொடாமல் லேசாகத் தலை பிடித்துவிட்டால் நல்லது என்று நரம்பு டாக்டரே சொல்லி, பிசியோதெரபி கிளினிக் நடத்தும் இளவரசு மூலமாக, அங்கே வேலை பார்க்கும் திலகவதி அந்த வீட்டுக்கு வந்தாள். "இது துணைக்குத்தாம்மா. வைத்தியம் மாத்திரைதான்" என்று டாக்டர் முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார். திலகவதி தலையை ஆட்டினாள். ஆட்டினதோடு சரி.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தேவனாம்பட்டினத்தில் மீன் கூடை சுமக்கும் குடும்பத்தில் பிறந்து, புதுச்சேரிக்குப் போய் மசாஜ் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் வெட்டிவேரும் போட்டுத் தானே எண்ணெய் காய்ச்சுவாள். அந்த எண்ணெய்க்கு நெல்லிக்குப்பத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. வாரத்துக்கு ஒரு தடவை வரச்சொன்ன கொளஞ்சியம்மாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வா என்று கெஞ்சியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தலை பிடித்து முடித்ததும் பத்தியம் வேறு சொல்லுவாள். பகலில் தூங்காதீங்க, தயிர் வேணாம், மீன் வேணாம். எல்லாம் சொன்னாள். மாத்திரை போட்டீங்களா என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரை எதிரில் நிற்கிற ஆள். நெல் அறுப்பு பார்க்கத் திட்டக்குடிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. வீட்டில் கொளஞ்சியம்மாள் தனி. குளியலறையில் தாழ்ப்பாள். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்.

திலகவதி எழுந்து நின்றுவிட்டாள். "கண்டக்டர், எறங்கணும், நிறுத்துங்க!"

"நடு ரோட்லயாம்மா? புதுச்சத்திரம் வரட்டும்."

"அவசரங்க!"

"அவசரம்னா கடலூருக்கு ஏன் டிக்கெட் எடுத்த?" என்றார் அவர். அவள் வாயில் நல்லதாக ஒரு வார்த்தை வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கக்கூட நேரமில்லாமல் திலகவதி மறுபடி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

புதுச்சத்திரத்தில் இறங்கி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றாள். சிதம்பரம் போகும் பஸ்கள் அவளைப் பார்த்தும் நிற்காமல் போயின. கை காட்டினாள், கத்தினாள், ஒரு பஸ்ஸின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடியும் பார்த்தாள். நடுவில் போன் போட்டாள், எடுக்கவில்லை. இளவரசுக்குப் போட்டாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "எத்தினி நாளா நிறுத்தியிருக்காங்க?" என்றார்.

"தெரியல சார்."

"நீ கேக்கவே இல்லியா?"

அவள் பையைப் பிரித்து அட்டைகளை எண்ணத் தொடங்கினாள்.

"சரி, நீ போய்ச் சேரு. நான் டாக்டருகிட்ட பேசிட்டுக் கூப்புடுறேன்."

கடைசியில் ஒரு டவுன் பஸ் நின்றது. மாட்டு வண்டிக்கும் வழிவிட்டு வழிவிட்டுப் போகிற பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள் முருங்கைக்காய் விலையைப் பற்றி உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் திலகவதிக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அண்ணனின் படகு வரத் தாமதமானால் அம்மா கரையில் இப்படித்தான் நிலைகொள்ளாமல் நடப்பாள். அம்மாவுக்காவது கடலைத் திட்ட முடிந்தது. திலகவதி யாரைத் திட்டுவது? மணி அடித்துக்கொண்டே இருந்த போனை அவள் காதை விட்டு எடுக்கவே இல்லை.

பு.முட்லூரில் இளவரசு கூப்பிட்டார். "ராத்திரி மாத்திரைய இப்பவே போட்டுடச் சொல்றாரு. காலையில ஆஸ்பத்திரிக்கு வரணும். சும்மா சொல்லல திலகவதி, திடீர்னு நிறுத்துனா எப்ப வேணாலும் வருமாம். ஜாஸ்தியாவே வருமாம்."

சிதம்பரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, மாலைகட்டித் தெருவில் அந்த வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். சத்தமில்லை. மறுபடி தட்டினாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அப்புறம்தான் உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.

கொளஞ்சியம்மாள் ஈரத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றாள். முகம் பளிச்சென்று இருந்தது. "என்னாடி, எதையாச்சும் மறந்துட்டியா?"

திலகவதி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அதை அடக்கிக்கொண்டு மாத்திரை அட்டையை நீட்டினாள். "மொதல்ல இதப் போடுங்கம்மா. டாக்டர் சொல்லிட்டாரு."

"இன்னிக்கா? எண்ணெ வச்சிருக்கேன்டி."

"ஒண்ணும் ஆவாது."

"ஒனக்குத் தெரியாது. எங்க பெரியம்மா லேகியம் சாப்புட்டுக்கிட்டே எண்ணெ தேய்ச்சிக் குளிச்சி, ஒரு பக்கம் விழுந்துபோனாங்க. கண்ணால பாத்தவ நான்."

திலகவதி டாக்டர் சொன்னதைச் சொன்னாள். வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று சொன்னாள். தான் சொன்ன பத்தியத்தில் மாத்திரை சேர்த்தியே இல்லை என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கொளஞ்சியம்மாள் குழந்தைக்குச் சொல்வதுபோல் அவள் கன்னத்தைத் தொட்டு, "நீ காய்ச்சுற எண்ணெயே மருந்துதான். அது ஒடம்புல இருக்கறப்ப இன்னொரு மருந்து வேணாம். நான் நல்லா இருக்கேன், பாரு" என்றாள்.

அந்தக் கையின் சூடு திலகவதிக்கு என்னவோ செய்தது. இந்த வீட்டில் கிடைத்ததுபோல் வேறு எங்கும் அவளுக்கு மரியாதை கிடைத்ததில்லை.

"அது மருந்தெண்ணெ இல்லம்மா" என்றாள் திலகவதி.

"என்னா?"

"கடைத் தேங்காயெண்ணெ. பாக்கெட்ல வாங்கி, வாசனைக்கு ரெண்டு சொட்டு செண்டு விட்டு எடுத்தாறேன். மூலிகை ஒண்ணும் கெடையாது. காய்ச்சறதும் கெடையாது. அதனால நீங்க தாராளமா மாத்திரை போடலாம்."

கொளஞ்சியம்மாளின் கை கன்னத்திலிருந்து விலகியது. "பொய் சொல்ற."

"ஊர்ல எல்லாருக்கும் அதாம்மா. சும்மா சொல்லிக்கிறதுதான் மூலிகைன்னு."

அவ்வளவு சரளமாக வந்தது பொய். கொளஞ்சியம்மாள் அட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள். மாத்திரையைப் பிய்த்து வாயில் போட்டு, கதவோரம் இருந்த சொம்புத் தண்ணீரை மளமளவென்று குடித்தாள். "கடை எண்ணெக்கா நான் தயிர் இல்லாம, மீன் இல்லாம நாக்கக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்? போடி வெளிய. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

கதவு முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது.

திலகவதி போகவில்லை. செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் அங்கேயே நின்றாள். உள்ளே கொளஞ்சியம்மாள் திட்டக்குடிக்குப் போன் போட்டு வீட்டுக்காரரிடம் இரைந்துகொண்டிருந்தாள். "ஏமாத்துக்காரி... திருட்டு முண்ட... இவள நம்பி எத்தினி பேருகிட்டச் சொன்னேன் தெரியுமா? நாளைக்கே எல்லாருக்கும் சொல்லிடறேன், ஒருத்தியும் இவள வீட்டுக்குள்ள சேக்கக் கூடாது." எதிர் வீட்டுக்காரி ஜன்னலில் நன்றாகச் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திலகவதிக்குக் காது மடல் எரிந்தது. அவள் காத்திருந்தது வேறு ஒன்றுக்கு.

"ம்ம்... போட்டுட்டேன். இப்பதான் போட்டேன்" என்றது உள்ளிருந்து குரல். "ஏன் போட மாட்டேன்? தெனமும் போடறேன், போதுமா? நீங்க காலையிலயே வந்துடுங்க."

திலகவதி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.