பாதி வேகம்

எங்கள் குழு ஒரு ஏமாற்று வேலையில்தான் தொடங்கியது. ஏமாற்றியவன் முஆத். அது தெரிந்த அன்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

ஓமன் நாட்டுச் சலாலாவில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் தென்னந்தோட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. மூடுபனிக்குள்ளிருந்து ஒட்டகம் ஒன்று வரும், நம்மைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். நானும் கார்மேகம் அண்ணனும் அங்கே தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். தோட்டத்து வாசலில் முஆத்தின் பழைய சாமான் கடை. ஊருக்குக் கிளம்பிய யாரோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விற்றுவிட்டுப் போன பாஞ்சோ என்கிற கம்பி வாத்தியம் அங்கே ஆணியில் தொங்கியது.

அண்ணனுக்கு மோட்டார் பெல்ட்டில் சிக்கி வலதுகை நடுவிரல் விறைத்துப் போயிருந்தது. விரலைச் சும்மா விடாதே, ஆட்டிக்கொண்டே இரு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் அந்தப் பாஞ்சோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முஆத் அதை எப்படி வாசிப்பது என்று தன் போனில் தேடி, ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசிக்கும் அமெரிக்க மலைக்கிராமத்து ஆட்களைக் காட்டினான். அந்த இசைக்குப் புளூகிராஸ் என்று பேர் என்றான். டிரம் கிடையாது. பாடுகிறவர் தூக்கத்தில் பேசுவதுபோல இழுத்தார். வாசிக்கிற கைகள் தண்ணீருக்குள் இருப்பதுபோல அசைந்தன. குளிர்நாடு, உடம்பு அப்படித்தான் அசையும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நான் கிதார், முஆத் மேண்டலின், அண்ணன் பாஞ்சோ. வெள்ளிதோறும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கடைப் பந்தலில் உட்காருவோம். கம்பியிலிருந்து கிளம்பிய ஒலி மூடுபனிக்குள் போய், அடுத்த ஒலி வரும்வரை அங்கேயே நிற்கும். அண்ணனின் விரல் ஒரு கம்பியை விட்டு இன்னொன்றுக்குப் போகப் போதுமான நேரம் இருந்தது. வாசிக்கும்போது எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகும். சந்தோஷமாக இருந்தேன்.

இந்த வருடம் துபாயிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு முன்னால் வாசிக்கச் சொன்னார் எங்கள் தோட்டத்து முதலாளி. அதற்காக என் புதுப் போனில் அதே பாட்டைத் தேடினேன். குதிரை ஓட்டமாக இருந்தது. நாங்கள் இத்தனை நாள் வாசித்தது அதில் பாதி வேகம்.

விடுவேனா? அன்றே உண்மையான வேகத்தில் வாசித்தாக வேண்டும் என்று குதித்தேன். அண்ணன் முயன்றார். நடுவிரல் கம்பியைத் தவறவிட்டது, மறுபடியும் தவறவிட்டது. அவர் பாஞ்சோவைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் வாசிங்கப்பா. நான் கீழ உக்காந்து கேக்குறேன்."

அவர் போனதும்தான் முஆத்தின் சட்டையைப் பிடித்தேன். "உன் போன்ல பாதி ஸ்பீடு வச்சிருக்கிறது உனக்குத் தெரியாதாடா?"

"மொத நாளே தெரியும் பாலகுரு அண்ணே. அவரு விரலப் பாத்துட்டுத்தான் வச்சேன். கைய எடுங்க."

கையை எடுத்தேன். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

விருந்தன்று மாலை தென்னைகளுக்கு நடுவே ஒரே மைக். சொன்னபடியே அண்ணன் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். முஆத் பாஞ்சோவைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்துவிட்டு வந்தான். அவர் அதைத் தொடவில்லை.

நாலு வரை எண்ணிப் பாட்டைத் தொடங்கிவைப்பது என் வேலை; எண்ணுகிற வேகம்தான் பாட்டின் வேகம். "ஒன்" என்றேன். ஓலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழும்வரை நிறுத்தினேன். "டூ." விருந்தாளிகளில் யாரோ சிரித்தார். சிரிக்கட்டும். "த்ரீ" என்று சொல்லிவிட்டு மைக்கை விட்டுப் பின்னால் நகர்ந்து, பாஞ்சோ நிற்கும் இடத்தைக் காலியாக விட்டேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் பாஞ்சோவோடு ஈரத்தரையில் நடந்து வந்து அந்த இடத்தில் நிற்கும்வரை நான் "ஃபோர்" சொல்லவில்லை.